தோலில் ஏறும் பாம்புகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு 23 வயது. முதன்முதலாகப் பச்சை குத்தப் போகிறேன். கிரேக்கக் கதையில் வரும் மெடூசாவின் தலையை மணிக்கட்டின் உட்பக்கம் இரண்டு அங்குல அளவில் குத்தலாமா? அம்மா பாம்பென்றாலே வேண்டாம் என்கிறா.
– வாசகி, மாங்குளம்

பதில்: மெடூசா சரி, இரண்டு அங்குலம் சரிவராது. கூந்தல் முழுக்கப் பாம்பு, பாம்பு முழுக்கச் செதில், நடுவே ஒரு முகம். தோலுக்குள் போன மை வருடம் போகப் போக மெல்லப் பரவும், கோடு தடிக்கும். இன்று நெருக்கமாகக் கிடக்கிற கோடுகள் பத்து வருடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, பாம்பெல்லாம் கறுத்தத் திட்டாகிவிடும். முகத்தோடு குத்துவதென்றால் 10 சென்ரிமீற்றர் உயரமாவது வேண்டும். முன்கையின் உட்பக்கமோ மேற்கையின் வெளிப்பக்கமோ அதற்கு இடம் தரும். பாம்புகளை ஏழெட்டாகக் குறைத்து, செதிலை அவற்றின் தலைப்பக்கம் மட்டும் காட்டச் சொல்லுங்கள். எங்கள் தோல் நிறத்துக்குக் கறுப்பு மைதான் எடுப்பு. வெள்ளையும் மஞ்சளும் ஆறிய பிறகு மங்கிவிடும். வெளிச்சம் விழும் இடத்தில் மை வைக்காமல் தோலை அப்படியே விடத் தெரிந்தவரே நல்ல கைகாரர். ஒவ்வாமை அதிகம் தருவது சிவப்பு மை.

இனிக் கதை. கிரேக்கக் கவிஞர் ஹீசியொட் சொல்லும் பழைய கதையில் மெடூசா, கோர்கன் என்ற மூன்று அரக்கச் சகோதரிகளில் ஒருத்தி. மூவரில் சாவு உள்ளவள் அவள் மட்டுமே. ரோமக் கவிஞர் ஓவிட்டின் கதையில்தான் கடல் தெய்வம் பொசைடன் அவளை அதீனா என்ற பெண் தெய்வத்தின் கோயிலிலேயே கெடுக்கிறான், தண்டனையோ அவளுக்கு விழுகிறது: கூந்தல் பாம்பாகிறது. அதனால் பாலியல் வன்முறைக்கு ஆளாகி மீண்ட பெண்கள் பலர் இன்று இந்த உருவத்தைக் குத்துகிறார்கள். பார்ப்பவர்கள் சிலர் உங்கள் கையையும் அப்படி வாசிக்கக்கூடும், தெரிந்துகொண்டு குத்துங்கள். அம்மாவுக்கு வேறொன்றைச் சொல்லலாம். பழைய கிரேக்கர் அந்தத் தலையைக் கேடயத்திலும் கட்டடத்திலும் வைத்தது, கட்டுகிற வீட்டில் கண்ணூறுக்கு வெருளி வைக்கிறோமே, அதே எண்ணத்தில்தான். வற்றாப்பளையில் கண்ணகிக்குப் பொங்கல் வைக்கிறவர்களுக்கு, அநியாயம் நடந்த பெண்ணின் கோபம் புதுக்கதையும் அல்ல.

கேள்வி: தாதியர் பயிற்சியில் இருக்கிறேன். இரண்டு பாம்பு சுற்றிய, சிறகு வைத்த கோலைக் குத்த விருப்பம்.
– வாசகி, வவுனியா

பதில்: அது கிரேக்கரின் ஹெர்மஸ் வைத்திருக்கும் கோல். அவர் தூதுத் தெய்வம். வணிகருக்கும் பயணிகளுக்கும், கள்வருக்கும்கூடக் காவல். வைத்தியத் தெய்வமான அஸ்கிளெப்பியஸின் கோலில் ஒரே பாம்பு, சிறகு கிடையாது. அமெரிக்க இராணுவ மருத்துவப் பிரிவு 1902 இல் ஹெர்மஸின் கோலைச் சின்னமாக எடுத்தது இந்தக் குழப்பம் பரவ ஒரு காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் சின்னத்தைப் பாருங்கள், ஒரு பாம்புதான். முழங்கைக்குக் கீழே வேண்டாம். நாளுக்குப் பலதரம் கை கழுவி ஸ்பிரிட் பூசும் வேலையில் புண் ஆறாது.

கேள்வி: வயல் வேலை, குளத்தில் குளிப்பு. குத்தி எத்தனை நாளில் இறங்கலாம்?
– வாசகர், முத்தையன்கட்டு

பதில்: மூன்று கிழமைக்குக் குறையாமல் பொறுங்கள், பொருக்கு முழுதும் தானாக விழுந்திருக்கவும் வேண்டும். புதிதாகக் குத்திய இடம் திறந்த காயம். எலிக்காய்ச்சல் கிருமி வயல் நீரிலிருந்து உடம்புக்குள் போவது பெரும்பாலும் இப்படியான காயம் வழியாகத்தான். பெரும்போக வெட்டு முடிந்து சிறுபோகத்துக்குச் சேற்றில் இறங்குமுன் கிடைக்கும் இடைவெளி தோது. கிணற்றடியில் குளிக்கலாம், குத்திய இடம் ஊறக்கூடாது. காலையும் மாலையும் வாசனையில்லாத சவர்க்காரத்தால் கழுவி, கொதித்தாறிய தண்ணீரால் அலசி, சுத்தமான துணியால் ஒற்றுங்கள். களிம்பு மினுங்கும் அளவுக்கு மெல்லிதாகப் போதும். அப்பினால் பொருக்கு ஊறிக் கழன்று, மையும் கூடவே போகும். மஞ்சள், தேங்காயெண்ணெய், சாம்பல் எதுவும் வேண்டாம். வெயிலுக்குத் தளர்வான நீளக்கைச் சட்டை. முதல் இரண்டு மூன்று நாள் சிவப்பும் எரிவும் வழமை. அதன்பிறகும் சிவப்பு பரவினால், சீழோ காய்ச்சலோ வந்தால், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: கடை சுத்தமானதா என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: ஊசிப் பொதி உங்கள் கண்முன் உடைய வேண்டும், காலாவதித் திகதியையும் பாருங்கள். மையைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, மிஞ்சியதை எறிய வேண்டும். திரும்பப் பாவிக்கும் ஊசிப் பிடியை ஒட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தால் கிருமி கொல்லும் கருவி) 121 பாகை செல்சியஸில் 15 நிமிடமாவது வைக்க வேண்டும். டெற்றோலில் முக்கினால் ஈரல் அழற்சி பி, சி வைரசுகள் போய்விடும் என்று நம்பாதீர்கள். ஊசி ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர் வரைதான் இறங்க வேண்டும். ஆழம் கூடினால் கோட்டைச் சுற்றி நீலப் புகைபோல மை கசியும், அதை அழிப்பது பெரும்பாடு. மாதிரிப் படத்தை ஒட்டியதும் எழுந்து, கையைத் தொங்கவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள். மேசையில் கிடக்கும் கையில் நேராகத் தெரிந்த முகம் நிற்கும்போது திருகிப் போயிருக்கும். பழைய காயமோ தடுப்பூசித் தழும்போ புடைத்து வளர்ந்திருந்தால், தோல் வைத்தியரைக் கேட்காமல் குத்தவே வேண்டாம். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், குத்துவதற்கு முதல்நாள் மது குடிக்காதீர்கள். இரத்தம் கொடுக்கிறவர் என்றால், குத்தியபின் ஒரு வருடம் கொடுக்க முடியாது. இரத்ததான முகாம் இருந்தால் முதலில் அதை முடித்துவிடுங்கள்.