டாலரில் அளந்தால் ஐரோப்பா இளைத்துத் தெரியும்

கேள்வி: என் மகனுக்கு டல்லாஸிலும் ஹாம்பர்க்கிலும் வேலை கிடைத்திருக்கிறது. 2008-ல் அமெரிக்காவைவிடப் பெரிய பொருளாதாரமாக இருந்த ஐரோப்பிய ஒன்றியம் இப்போது வெகுவாகப் பின்தங்கிவிட்டதாகப் படித்தேன். ஜெர்மனிக்குப் போனால் கஷ்டப்படுவானா?

பதில்: நீங்கள் படித்தது சரிதான். 2008-ல் ஒன்றியத்தின் ஜிடிபி, அதாவது ஆண்டு மொத்த உற்பத்தி மதிப்பு, சுமார் 16 லட்சம் கோடி டாலர். அமெரிக்கா 15-ஐக்கூடத் தொடவில்லை. 2023-ல் அமெரிக்கா 27-ஐத் தாண்டிவிட்டது, ஒன்றியம் 19-ஐ எட்டவில்லை. 2020-ல் வெளியேறிய பிரிட்டன் இந்த இரண்டு கணக்கிலும் இல்லை.

ஆனால் இதில் முக்கியம் யூரோவின் மதிப்பு. 2008-ல் ஒரு யூரோ சராசரியாக 1.47 டாலர், 2023-ல் 1.08. ஹாம்பர்க்கில் 100 யூரோவுக்கு விற்கும் சாமான் டாலர் கணக்கில் 147-லிருந்து 108-க்கு இறங்கிவிடுகிறது. அதை வாங்குபவர் சம்பளமும் யூரோவில்தான் வாங்குகிறார்; இறக்குமதிச் சரக்கின் விலையில்தான் அவருக்குக் கொஞ்சம் உறைக்கும்.

அதனால் உள்ளூர் விலைவாசியைச் சரிக்கட்டி, தலைக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் அமெரிக்கா ஒன்றியத்தைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மேலே நிற்கிறது. இந்த இடைவெளி நிஜமானது. 2000-க்குப் பிறகு ஒருவர் கையில் நிற்கும் உண்மை வருமானம் அமெரிக்காவில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்ததாக ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் மரியோ டிராகி ஒன்றியத்துக்காகத் தயாரித்த 2024 அறிக்கையே சொல்கிறது.

தலைக்கணக்கும் சில சமயம் ஏமாற்றும். 2015-ல் அயர்லாந்து 25 சதவீதத்துக்கு மேல் வளர்ந்ததாகக் கணக்கு வந்தது. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமைச் சொத்துகளை அங்கே மாற்றியதுதான் பெரிய காரணம். ஐரிஷ் வீடுகளில் அந்தப் பணம் போய்ச் சேரவில்லை.

அப்புறம், வேலை நேரம். அமெரிக்கர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 1,800 மணி நேரம் உழைக்கிறார், ஜெர்மானியர் 1,350-க்கும் குறைவு. பகுதிநேர ஊழியர்கள் நிறைய இருப்பதும் இதற்குக் காரணம் என்பதால் முழு வித்தியாசமும் உங்கள் மகனுக்கு ஓய்வாகக் கிடைக்காது. ஆனால் வாரம் ஐந்து நாள் வேலைக்கு 20 நாள் சம்பள விடுப்பு ஜெர்மனியில் சட்டப்படி உறுதி. உடம்புக்கு முடியாமல் போனால் ஆறு வாரம் வரை முழுச் சம்பளம் வரும். அமெரிக்க மத்திய அரசின் சட்டம் தனியார் ஊழியருக்குச் சம்பள விடுப்பு எதையும் கட்டாயமாக்கவில்லை.

சரி, எங்கே போகலாம்? தனியாளாக ஐந்தாறு வருடம் சம்பாதித்துச் சேமிப்பதுதான் எண்ணம் என்றால் டல்லாஸைச் சொல்வேன். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. கல்யாணம், குழந்தை என்று யோசிக்கிறான் என்றால் ஹாம்பர்க் பக்கம் சாய்வேன். அங்கே பள்ளி வயது வரை தினம் ஐந்து மணி நேரக் குழந்தைப் பராமரிப்பு, மதியச் சாப்பாட்டோடு இலவசம். வருமானமில்லாத மனைவிக்கும் குழந்தைக்கும் அரசு மருத்துவக் காப்பீட்டில் தனிப் பிரீமியம் கிடையாது.

கையெழுத்துப் போடும் முன் டல்லாஸ் நிறுவனத்திடம் காப்பீட்டுத் திட்டத்தின் விவரத்தை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். மாதப் பிரீமியத்தில் அவன் பங்கு எவ்வளவு, காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் வருடத்தில் எத்தனை டாலர் அவன் கையிலிருந்து போகும் என்ற இரண்டையும் சம்பளத்தில் கழித்துவிட்டு ஹாம்பர்க் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள்.