மட்டமான படம்தான், ஆனால் பிடித்துத் தொலைக்கிறதே!

கேள்வி: 'நல்ல சினிமா' பார்க்கிறவன் என்று நண்பர்கள் மத்தியில் எனக்குப் பெயர். ஆனால் பாட்டும் கூத்துமான ஒரு காமெடிப் படத்தை யாருக்கும் தெரியாமல் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். காசே இல்லாமல் எடுத்த படம். பாட்டு ஒரு பக்கம், வாயசைவு ஒரு பக்கம். சுவரில் மைக் நிழல். பின்வரிசையில் ஆடும் ஒருவர் எப்போதும் ஒரு அடி பிந்துகிறார். எல்லாம் தெரிந்தும் சிரிக்கிறேன். என் ரசனை கெட்டுவிட்டதா?
– பெயர் வேண்டாம்

பதில்: ரசனை கெட்டவர் கண்ணில் மைக் நிழல் படாது. அந்தக் கவலையை விடுங்கள். குப்பைப் படங்களை விரும்பிப் பார்க்கிறவர்களைப் பற்றி ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2016-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அந்த ரசிகர்கள் சராசரியைவிட அதிகம் படித்தவர்கள், கலைப்படங்களையும் விட்டுவைக்காதவர்கள் என்று தெரியவந்தது. ஆக, நீங்கள் தனி ஆள் இல்லை.

சரி, ஏன் பிடிக்கிறது? பாட்டுக் காமெடி பார்க்கத்தான் லேசு, எடுப்பது பெரும்பாடு. பாட்டை முன்னாடியே பதிவு செய்து, செட்டில் ஒலிக்கவிட்டு, அதற்கேற்ப வாயசைக்க வேண்டும். பிசகினால் இன்னொரு டேக். அதற்குக் காசில்லை என்றால் 'ஓகே, அடுத்த ஷாட்'தான். காமெடியோ எடிட்டிங்கில் அரை நொடி தவறினாலே செத்துவிடும். பேய்ப் படமாக இருந்தால் இருட்டையும் புகையையும் போட்டு ஒப்பேற்றலாம். இதில் முழு வெளிச்சத்தில், சிரித்த முகத்தோடு தடுமாற வேண்டும். உங்களை இழுப்பது அந்தச் சிரித்த முகம்தான் என்று நினைக்கிறேன். பிந்தினாலும் அந்த ஆள் ஆட்டத்தை நிறுத்தவில்லையே!

சந்தேகமாக இருந்தால், வேண்டுமென்றே மட்டமாக எடுத்த கேலிப்படம் ஏதாவது போட்டுப் பாருங்கள். சீக்கிரமே அலுத்துவிடும். தன்னை அறியாமல் கோணிப்போனதில் இருக்கும் ருசி, தெரிந்தே கோணலாக்கியதில் பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பதை அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1964-லேயே எழுதிவிட்டார். அதற்காக உங்கள் படத்தைக் காவியம் என்று வாதாடப் போகாதீர்கள். மட்டம் மட்டம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒளித்துப் பார்ப்பதுதான் எனக்கு வருத்தம். இந்த ரகப் படத்துக்குக் கூட்டம் வேண்டும். 'தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ' என்ற ஆங்கிலப் பாட்டுக் காமெடிப் படம் (உங்கள் படத்தோடு ஒப்பிடுவது அதற்கு அநியாயம்தான்) 1975-இல் வெளியானபோது சரியாக ஓடவில்லை. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் நள்ளிரவுக் காட்சியாகப் போட ஆரம்பித்த பிறகு, ஜனங்கள் வேஷம் கட்டிக்கொண்டு வந்து திரையோடு கூடவே கத்திப் பாடினார்கள்.

அந்த 'நல்ல சினிமா' நண்பர்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள். அனேகமாக அவரிடமும் இப்படி ஒரு படம் இருக்கும். 'ரொம்ப மட்டமா இருக்கும், ஆனா...' என்று மட்டும் பீடிகை போட வேண்டாம். உடனே குறை தேட உட்கார்ந்துவிடுவார். அப்புறம், படத்தை முதல் பாட்டிலிருந்தே போடுங்கள். அதற்கு முன்னால் வரும் கதை யாருக்கும் தேவைப்படப் போவதில்லை.