ஜனவரியில் 60 டிகிரியா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகள், "இந்த ஜனவரியில் 60 டிகிரி. வழக்கத்தைவிட 18 டிகிரி அதிகம், ஸ்வெட்டரே வேண்டாம்" என்கிறாள். 60 டிகிரியில் மனுஷர் இருக்க முடியுமா?

பதில்: பதறாதீர்கள், அவர் சொல்வது ஃபாரன்ஹீட். 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 15.5 செல்சியஸ். போனில் பேசும்போது நான் அவ்வளவு கணக்குப் போடுவதில்லை. 30-ஐக் கழித்துப் பாதியாக்குவேன். 15 வரும், போதும்.

அந்த '18 டிகிரி அதிகம்' என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். நானும் ஒருமுறை வழுக்கியிருக்கிறேன். வித்தியாசத்துக்கு 32-ஐக் கழிக்கக் கூடாது, 1.8-ஆல் வகுத்தால் போதும். ஆக, 10 செல்சியஸ் அதிகம். இது சின்ன ஏற்றம் இல்லை. தெற்கிலிருந்து வெப்பக்காற்று ஏறி வந்தால் சில நாள் அப்படி இருக்கும்; வடக்குக் காற்று திரும்பினால் மளமளவென்று இறங்கிவிடும். ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் பூட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அப்புறம், அமெரிக்கர்களை மட்டும் என்ன சொல்வது? வெயிலைச் செல்சியஸில் சொல்லும் நாமே காய்ச்சல் வந்தால் 102 என்கிறோம். செல்சியஸ் அளவை உருவாக்கிய விஞ்ஞானி செல்சியஸ்கூட 1742-இல் கொதிநிலைக்கு 0, உறைநிலைக்கு 100 என்றுதான் வைத்தார். பிறகுதான் அதைத் தலைகீழாக்கினார்கள்.