தாராவிச் சந்துகளில் ஒரு 'வழி கண்டுபிடி' புத்தகம்

கேள்வி: மும்பை தாராவியில் ஞாயிறுதோறும் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். நாலு முதல் ஆறு வயதுக்காரர்கள். அவர்களுக்காக 'வழி கண்டுபிடி' புதிர்களாலேயே ஒரு படப் புத்தகம் போட ஆசை. கம்ப்யூட்டரில் தானாகப் புதிர் போட்டுத் தருவதில் சிலதை எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். பாதியிலேயே தூக்கிப் போட்டுவிட்டார்கள். என் தம்பி நன்றாகப் படம் வரைவான். எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: பிள்ளைகள் மேல் குற்றமில்லை. கம்ப்யூட்டர் போடும் புதிரில் தப்பு வழியில் போனால் ஒரு கோடு வந்து முட்டும், அவ்வளவுதான். நமக்கு அது சவால். நாலு வயசுக்கு, 'உனக்குத் தெரியலை' என்று யாரோ சொன்ன மாதிரி. அதனால் முட்டுச்சந்துகளிலிருந்தே ஆரம்பியுங்கள்.

விடியற்காலையில் தாராவியிலிருந்து பாத்திரத்தோடு கிளம்பும் இட்லிக்கார அண்ணனையே எடுத்துக்கொள்வோம். அவர் மெயின் ரோட்டுக்கு வரவேண்டும். சந்தின் சுவருக்கு வெறும் கோடு வேண்டாம். நீல டிரம், காயப்போட்ட புடவை, அடுக்கிவைத்த பானை இவையே சுவர். தப்புச் சந்து ஒன்றின் கடைசியில் தையல் மெஷின் மேல் பூனை தூங்குகிறது. இன்னொன்றில் தண்ணீர் பிடிக்கிற பாட்டி, குடம் நிரம்பி வழிவது தெரியாமல் கதை பேசிக்கொண்டிருக்கிறார். குழந்தை அங்கே போய்ச் சிரித்துவிட்டுத் திரும்பிவரும். 'அங்க யாரு இருந்தா?' என்று கேளுங்கள், உங்கள் தமிழ் வகுப்பும் அதிலேயே நடந்துவிடும்.

தம்பி முதலில் வரையவேண்டியது சரியான வழியை மட்டும். பென்சிலால் நாலைந்து வளைவுள்ள ஒரே கோடு. அதற்குப் பிறகு கிளைகள். நாலு வயசுக்கு மூன்று கிளை போதும். கிளையின் முடிவு, பிரிகிற இடத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியட்டும். ஆறு வயசுக்குக் கிளையிலிருந்து இன்னொரு கிளை பிரியலாம். எந்தக் கிளையும் வேறொரு வழியோடு போய்ச் சேராதவரை விடை ஒன்றுதான். சேர்ந்துவிட்டால் பிள்ளை சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்து குழம்பும்.

அகலத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரண கிரேயானே ஏறக்குறைய 8 மி.மீ. தடிமன். நாலு வயசுக்குப் பாதை 15 மி.மீ., ஆறு வயசுக்கு 10 மி.மீ. வையுங்கள். டிரம், பானைச் சுவர்களுக்கும் இடம் விட்டால் ஏ4 தாளின் குறுக்கே நிறையச் சந்துகள் தேறாது. நல்லதுதான், புதிர் தானாகவே எளிதாகிவிடும். எல்லாப் பக்கத்திலும் மேலிருந்து கீழே போகும்படி வரையாதீர்கள். எழுதுகிற கை பென்சிலுக்குக் கீழே இருப்பதால், போகவேண்டிய வழியை அதுவே மறைக்கும். சில பக்கங்களில் கீழிருந்து மேலே ஏறட்டும்.

மும்பை என்றால் லோக்கல் ரயில் இல்லாமல் முடியாது. சயான், மாட்டுங்கா, தாதர் என்று வரிசையாகப் பக்கங்கள் வரலாம். சென்ட்ரல், வெஸ்டர்ன் ரயில் பாதைகள் சந்திக்கிற தாதர்தான் கடினமான கடைசிப் பக்கத்துக்குப் பொருத்தம். ஆனால் தண்டவாளம் எப்போதும் சுவராகத்தான் இருக்கவேண்டும். குழந்தையின் கோடு அதைத் தாண்டவே கூடாது, புதிரில்கூட. நடைமேம்பாலம் ஒன்றுதான் வழி. மேலே போகும் வழி, கீழே போகும் வழி என்பது இந்த வயசுக்குச் சட்டென்று பிடிபடாது. பாலத்தை அகலமாக, கைப்பிடியோடு வரைந்து, அடியில் போகும் தண்டவாளத்தை முழுக்க மறைத்துவிடச் சொல்லுங்கள்.

வண்ணம் தீட்டுவதற்கு முன் பென்சில் படத்தை ஜெராக்ஸ் எடுத்து உங்கள் பிள்ளைகளிடம் கொடுங்கள். வாயைத் திறக்காமல் கையை மட்டும் பாருங்கள். கிரேயான் ஒரு டிரம்மைத் தாண்டிப் போனால், அந்த டிரம் சுவர் மாதிரித் தெரியவில்லை என்று அர்த்தம்.

அச்சுக்கு: நடுவில் பின் அடிப்பதானால் பக்க எண்ணிக்கை நாலின் மடங்காக இருக்கவேண்டும், 24 பக்கம் தாராளம். பாதை எதுவும் நடுமடிப்புக்குள் போகக்கூடாது. பளபளக்கும் ஆர்ட் பேப்பரில் கிரேயான் வழுக்கும், பென்சில் சரியாகப் பிடிக்காது. 120 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, அதாவது பளபளப்பில்லாத, கொஞ்சம் தடித்த தாள் கேளுங்கள். ஐம்பது, நூறு பிரதிக்கு டிஜிட்டல் பிரிண்ட் போதும்; ஆஃப்செட்டில் பிளேட் செலவு இருப்பதால் நிறையப் போட்டால்தான் கட்டுப்படியாகும்.