உறைபனி இரவில் வெளியே இருந்த ஆர்க்கிட்: காப்பாற்ற வழி உண்டா?

கேள்வி: ஐயா, நாங்கள் உதகையில் குடியிருக்கிறோம். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் தீபாவளிக்கு வந்தபோது வெள்ளைப் பூவுடன் ஓர் ஆர்க்கிட் செடி வாங்கி வந்தான். தொட்டியில் இருந்த சீட்டில் ஃபெலனாப்சிஸ் என்று எழுதியிருந்தது. குளிர் பட்டால் இந்தச் செடி இன்னும் நன்றாகப் பூக்கும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதால், மார்கழிக் கடைசியில் ஓர் இரவு வராந்தாவில் வைத்தேன். அன்றைக்கென்று கடுமையான உறைபனி. காலையில் அடி இலைகள் இரண்டும் வெந்த கீரை போலத் துவண்டு தொங்கின. பிறகு மொட்டுகள் மஞ்சளாகி உதிர்ந்தன. இப்போது மேல் இலைகளிலும் பள்ளம் பள்ளமாகத் தழும்பு தெரிகிறது. பத்து நாட்களாகக் கணப்புச் சட்டி அருகே வைத்து, வெந்நீர் கலந்த தண்ணீரைத் தினமும் ஊற்றி வருகிறேன். உரம் கொடுக்கலாமா? கெட்ட இலைகளையெல்லாம் வெட்டிவிடலாமா? செடி பிழைக்குமா?
- ஒரு வாசகி, உதகை

பதில்: பிழைக்க வாய்ப்பு இருக்கிறது, அம்மா. ஆனால் இரண்டு வேலைகளை இன்றே நிறுத்திவிடுங்கள். ஒன்று, தினமும் தண்ணீர் ஊற்றுவது. இரண்டு, கணப்பு அருகே வைப்பது. குளிர் செய்த கேடு அந்த ஓர் இரவோடு முடிந்துவிட்டது. இனிமேல் செடி செத்தால் அது பெரும்பாலும் ஈரத்தால்தான் சாகும்.

ஃபெலனாப்சிஸ் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா போன்ற வெப்பநாட்டுக் காடுகளில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளரும் இனம். பகலில் 20 முதல் 29 டிகிரி செல்சியஸ், இரவில் 16 டிகிரிக்குக் குறையாத வெப்பம் இருந்தால் அதற்குச் சௌக்கியம். 10 டிகிரிக்குக் கீழே போனாலே திசுக்கள் பழுதாகத் தொடங்கும். தண்ணீர் உறையும் அளவுக்குப் போகவேண்டிய அவசியமே இல்லை. குளிரில் செல்களின் சவ்வு விறைத்து, கசியத் தொடங்குகிறது. உள்ளே இருக்க வேண்டிய நீர் வெளியே வந்துவிடுவதால்தான் இலை கண்ணாடி போன்ற ஈரத் தோற்றம் பெற்றுத் துவள்கிறது. மேல் இலைகளில் நீங்கள் பார்க்கும் பள்ளங்களும் அதே காரணத்தால் வந்தவைதான். மேல்தோல் அப்படியே இருக்க, அடியில் உள்ள செல்கள் சுருங்கிப்போவதால் அந்த இடம் உள்வாங்குகிறது. இந்தத் தழும்புகள் உடனே தெரியாது, நாள் கழித்துத்தான் வெளிப்படும். ஆகவே புதிதாக ஒன்றிரண்டு தெரிந்தால் செடி மேலும் மோசமாகிறது என்று பதறிவிடாதீர்கள்.

ஒரு விதத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் நிலமும் இலையும் தம் சூட்டை நேராக வானத்துக்கு இழக்கும்போதுதான் உறைபனி கடுமையாக இறங்குகிறது. மேலே ஏதாவது மறைப்பு இருந்தால் அந்த இழப்பு குறையும். உதகை தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் செடிகள்மீது கோத்தகிரி மிலார்ச் செடிகளைப் பரப்பி மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மிலார் செய்யும் வேலையை உங்கள் வராந்தாக் கூரை ஓரளவு செய்திருக்கிறது. புல்வெளியில் வைத்திருந்தால் செடி முழுவதும் ஒரே இரவில் கருகியிருக்கும்.

இப்போது செடியைச் சோதிக்க வேண்டும். நல்ல வெளிச்சத்தில் மேசைமீது வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பார்க்க வேண்டியது குருத்து, அதாவது நடுவில் இரண்டு மேல் இலைகளும் சேரும் இடம். ஃபெலனாப்சிஸுக்கு வளரும் முனை அது ஒன்றுதான். ஒரு மெல்லிய காகிதக் கைக்குட்டையைத் திரியாக முறுக்கி அந்த இடுக்கில் விட்டு எடுங்கள். உலர்ந்து வந்தால் நல்லது. ஈரம் வந்தால் முழுவதும் உலரும்வரை மாற்றி மாற்றி ஒற்றி எடுங்கள். பழுப்பு நீரோடு நாற்றமும் வந்தால் அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். அடுத்து, மேல் இலையின் அடிப்பகுதியை விரலால் மிக மெதுவாக அசைத்துப் பாருங்கள். பச்சையாக, கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தால் செடிக்கு உயிர் இருக்கிறது. கையோடு வந்துவிட்டால் குருத்து போய்விட்டது.

பிறகு வேர். தினமும் தண்ணீர் ஊற்றியிருப்பதால், எனக்கு இலையைவிட வேரைப் பற்றித்தான் கவலை. தொட்டியிலிருந்து செடியை மெதுவாக எடுத்து, ஒட்டியிருக்கும் பாசியையும் மரப்பட்டையையும் உதிர்த்துவிடுங்கள். நல்ல வேர் உலர்ந்திருக்கும்போது வெள்ளிச் சாம்பல் நிறத்திலும், நனைந்தால் பச்சையாகவும் இருக்கும். அழுத்தினால் கெட்டியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகக் குழைந்திருக்கும்; இரு விரலால் பிடித்து இழுத்தால் மேலுறை கழன்று, நடுவில் நூல் மட்டும் நிற்கும். அப்படிப்பட்ட வேர்களை நல்ல பகுதிவரை கத்தரித்துவிடுங்கள். கத்தரியை ஒவ்வொரு வெட்டுக்கும் முன்பு ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும், அல்லது அடுப்புத் தீயில் காட்டி ஆற வைக்க வேண்டும். வெட்டிய பிறகு மேன்கோசெப் பூஞ்சாணக்கொல்லியை லிட்டருக்கு 2 கிராம் கலந்து, வேர்களை அதில் சில நிமிடம் முக்கி எடுத்து ஆறப்போடுங்கள். கையுறை அணிந்து, வீட்டுக்கு வெளியே வைத்து இதைச் செய்யுங்கள். தாமிரம் கலந்த மருந்து வேண்டாம். சில ஆர்க்கிட் இனங்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது, ஏற்கெனவே நொந்துபோன செடியில் அந்தச் சோதனை தேவையில்லை.

இலைகளை வெட்டும் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஃபெலனாப்சிஸுக்கு வேறு சில ஆர்க்கிட்களைப் போல நீரைச் சேமிக்கும் தண்டுக் கிழங்கு கிடையாது. தண்ணீரும் சத்தும் சேமித்திருப்பது இலையிலும் வேரிலும்தான். தழும்பு விழுந்த இலையானாலும், அதில் பாதி பச்சையாக இருந்தால் அந்தப் பாதி இன்னும் செடிக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது. அழகுக்காக அதை வெட்டுவது செடியின் வாயில் இருப்பதைப் பிடுங்குவதற்குச் சமம். அடி இலைகள் இரண்டும் முழுவதும் கொழகொழப்பாகிவிட்டதென்றால் அவற்றை மட்டும் எடுத்துவிடுங்கள். பாதி கெட்டிருந்தால், கெட்டதற்கும் நல்லதற்கும் நடுவே கோடு தெளிவாகத் தெரிந்த பிறகு, நல்ல பகுதியில் அரை அங்குலம் உள்தள்ளி வெட்டுங்கள். வெட்டிய விளிம்பில் சமையலுக்குப் போடும் பட்டையின் (இலவங்கப்பட்டை) தூளைத் தடவலாம். இலைக்கு மட்டும்தான், வேரில் பட்டைத்தூள் படக் கூடாது, வேரை அது காயவைத்துவிடும்.

இந்தக் கட்டத்தில் உண்மையான ஆபத்து பாக்டீரியா அழுகல். குளிரில் கசிந்த இலையில் அது எளிதில் புகுந்துவிடும். குளிர்த் தழும்பு இருந்த இடத்திலேயே காய்ந்து நிற்கும். பாக்டீரியாப் புள்ளியோ நீர்கோத்து ஒரே நாளில் பரவும். கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மார்க்கர் பேனாவால் புள்ளியின் விளிம்பை ஒட்டி இலையிலேயே ஒரு கோடு போடுங்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் பாருங்கள். கோட்டுக்குள் இருந்தால் விட்டுவிடலாம். கோட்டைத் தாண்டியிருந்தால், துர்நாற்றமும் வந்தால், அந்தப் பகுதியைத் தாமதமின்றி வெட்டி எறிந்துவிட வேண்டும். அன்றைக்குக் காத்திருப்பதுதான் தவறு.

பூந்தண்டில் மொட்டு எதுவும் மிஞ்சவில்லை என்றால் அதை அடியோடு வெட்டிவிடுங்கள். மனம் வராது, தெரியும். ஆனால் இந்த நிலையில் செடிக்குப் பூ ஒரு சுமை.

மறுபடி நடுவதற்கு மண் கூடாது. பைன் மரப்பட்டைத் துண்டுகளோடு கொஞ்சம் அடுப்புக்கரி சேர்த்தால் போதும். பட்டை கிடைக்காவிட்டால், இரண்டு மூன்று முறை ஊறவைத்துக் கழுவிய தேங்காய் மட்டைத் துண்டுகள். பக்கமெல்லாம் துளையுள்ள, வேர்கள் கொள்ளும் அளவுக்கு மட்டும் இருக்கும் சிறிய தொட்டி நல்லது. பெரிய தொட்டியில் ஈரம் தேங்கும். நட்டு நான்கைந்து நாள் தண்ணீரே வேண்டாம், வெட்டுக்காயம் ஆறட்டும். அதன்பிறகு துண்டுகள் காய்ந்து, தொட்டி கையில் இலேசாகத் தெரியும்போது மட்டும் ஊற்றுங்கள். உதகைக் குளிரில் அது பத்து நாளுக்கு ஒரு முறையாகக்கூட இருக்கலாம். காலையில் ஊற்றுங்கள், குருத்தில் விழாமல் ஊற்றுங்கள். வெந்நீர் கலப்பதில் உங்கள் எண்ணம் சரிதான். கைக்குச் சூடும் குளிரும் தெரியாத அளவில் தண்ணீர் இருந்தால் போதும். இரவெல்லாம் தண்ணீர்த் தொட்டியில் கிடந்த குளிர்ந்த நீர் இந்த இலையில் பட்டால் அதுவே புதுத் தழும்பை உண்டாக்கும்.

நல்ல வேர் ஒன்றுகூட மிஞ்சாவிட்டால் வேறு வழி. ஸ்பேக்னம் பாசியை நனைத்து நன்றாகப் பிழிந்து, தெளிவான பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் பரப்புங்கள். செடியின் அடி அதைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்து மூடி, வெயில் படாத, ஆனால் வெளிச்சமான, வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். காற்று ஈரமாக இருப்பதால் இலை வாடாது, வேர் விடச் செடிக்கு அவகாசம் கிடைக்கும். பூசணம் பிடிக்கிறதா என்று அவ்வப்போது திறந்து பாருங்கள். வேர் விட மாதங்கள் ஆகும்.

கணப்பைப் பற்றி இன்னொன்று. கரிப் புகையில் எத்திலீன் வாயு இருக்கிறது. ஆர்க்கிட் மொட்டையும் பூவையும் அது உதிர்த்துவிடும். ஒரு பக்கம் அனல், மறுபக்கம் குளிர் என்பதும் இலைக்கு ஆகாது. செடி கிடக்கட்டும், மூடிய அறையில் கரிக் கணப்பு மூட்டித் தூங்குவது மனிதர்களின் உயிருக்கே ஆபத்து. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். படுக்கையறையில் கணப்பு வைக்கும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

செடிக்கு வெதுவெதுப்பு வேண்டுமானால் ஒரு பழைய கண்ணாடி மீன்தொட்டி போதும். அதன் ஓர் ஓரத்தில் 40 வாட் குண்டு பல்பை இலையில் படாத தூரத்தில் பொருத்தி, உள்ளே ஒரு வெப்பமானியைப் போட்டு, மேலே காற்றுக்குச் சிறிது இடம் விட்டு மூடினால், இரவில் 18 டிகிரிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். அதற்கு வசதியில்லை என்றால், ஜன்னலிலிருந்து விலகிய உட்சுவர் ஓரத்தில், தரையில் இல்லாமல் உயரமான அலமாரியில் வையுங்கள். குளிர்ந்த காற்று தரையில்தான் தங்கும். பகலில் கிழக்கு ஜன்னல் வெளிச்சம் கிடைக்கட்டும். மாலையானதும் உள்ளே எடுத்துவிடுங்கள். இரவில் ஜன்னல் கண்ணாடியை இலை தொட்டுக்கொண்டிருந்தால், தொட்ட இடம் பழுதாகும்.

உரம் இப்போது வேண்டாம். உறிஞ்ச வேரில்லாத செடிக்கு உரம் கொடுத்தால், உப்புத் தங்கி மிச்ச வேரையும் எரிக்கும். வேர் நுனி பச்சையாக நீள்வதையோ, நடுவில் புது இலை எட்டிப்பார்ப்பதையோ கண்ட பிறகு, நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் கலந்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடுங்கள்.

குருத்து போயிருந்தாலும் உடனே தூக்கி எறியாதீர்கள். வேரும் ஓர் இலையும் பச்சையாக இருந்தால், சில செடிகள் அடித்தண்டிலிருந்து பக்கக் கன்று விடும். எல்லாச் செடியும் விடாது. கோடை முடியும்வரை வைத்துப் பாருங்கள். குருத்து பிழைத்திருந்தால், வெயில் ஏறும் பங்குனி சித்திரையில் புது இலையை எதிர்பார்க்கலாம். இலைத் தழும்புகள் மறையாது, ஆனால் பரவவும் செய்யாது. மறுபடி பூக்க ஓராண்டுக்கு மேல் ஆகலாம்.

குளிர் பட்டால் பூக்கும் என்று உங்களிடம் சொன்னவர் முழுப் பொய்யும் சொல்லவில்லை. சில வாரங்கள் தொடர்ந்து 25 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் ஃபெலனாப்சிஸ் பூந்தண்டு விடும். இரவில் 16 முதல் 18 டிகிரி அதற்குப் போதும். சமவெளியில் இருப்பவர்கள் அந்தக் குளிர்ச்சிக்காக ஏங்குகிறார்கள். உங்கள் வீட்டுக்குள்ளே அது தானாகவே கிடைக்கிறது, வெளியே வைக்கத் தேவையே இல்லை. வராந்தாவில் ஓர் ஆர்க்கிட் இருந்தே ஆக வேண்டும் என்று ஆசையிருந்தால் சிம்பிடியம் வாங்குங்கள். குளிர்ந்த இரவுகள் இருந்தால்தான் அது நன்றாகப் பூக்கும், உங்கள் ஊருக்கு ஏற்றது. உறைபனி நேரடியாக இறங்காமல் கூரைக்கு அடியில் வைத்தால் போதும்.

வேரைச் சோதித்த பிறகு, குருத்தையும் வேர்களையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். எத்தனை வேர் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தால், தொட்டியா பாசி டப்பாவா என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.