ஆற்றங்கரைத் தொழிற்சாலையை எண்ணெய் வண்ணத்தில் வரையும்போது புகையும் நீரும் சேற்று நிறமாகிவிடுவது ஏன்?

பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: கறுப்பையும் வெள்ளையையும் மட்டும் கலந்த சாம்பல் நிறம், காயாத வண்ணத்தின் மேல் அளவுக்கு மீறித் தேய்ப்பது.

சாம்பலுக்கு அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பும் கலந்து, டைட்டானியம் வெள்ளையால் வெளிறச் செய்யுங்கள். நீலம் கூடினால் தூரத்துப் புகைபோக்கி, பழுப்பு கூடினால் துருப்பிடித்த தகரம். பிரெஞ்சு ஓவியர் மோனே 1899 முதல் 1901 வரை லண்டனில் தீட்டத் தொடங்கிய வாட்டர்லூ பாலப் படங்களில், பின்னால் நிற்கும் ஆலைப் புகைபோக்கிகள் ஊதாவும் நீலமுமாகவே தெரிகின்றன.

வானம் ஈரமாக இருக்கும்போதே புகையை வையுங்கள். புகைபோக்கியின் வாயருகே விளிம்பு கூர்மையாகவும், மேலே போகப்போக உலர்ந்த மென்தூரிகையால் கலைந்தும் இருக்கட்டும். வெளிர்வானத்தின் முன் கருமையாகத் தெரியும் அதே புகை, இருண்ட கூரையின் முன் வெளிறித் தெரியும்; இதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது.

பிரதிபலிப்பை மேலிருந்து கீழாக இழுத்து, குறுக்கே ஒரே ஒரு முறை மெல்லத் தடவி நிறுத்துங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் தூரிகையைத் துடைக்காவிட்டால் சேறுதான். வெளிச்சமான சுவர் நீரில் சற்று மங்கும்; கரிய சுவர் சற்று வெளிறும்.

முதல் பூச்சை டர்பன்டைன் என்னும் கரைப்பானில் நீர்க்க வையுங்கள், ஆளிவிதை எண்ணெயை மேல்பூச்சுகளில் மட்டும் கூட்டுங்கள். மாற்றிச் செய்தால், மெதுவாகக் காயும் அடிப்பூச்சு மேலே உள்ளதைப் பிளந்துவிடும்.