ஸ்லாபை உடைத்து நாணயத்தை ஆல்பத்தில் வைக்கலாமா?

கேள்வி: பல வருஷமாக அமெரிக்காவின் மெர்க்குரி டைம் (dime, பத்து சென்ட் வெள்ளி நாணயம்) வரிசையைச் சேர்க்கிறேன். பாதி நாணயங்கள் ஆல்பத்தில் இருக்கின்றன. மீதி பிசிஜிஎஸ், என்ஜிசி ஸ்லாபுகளில், அதாவது நாணயத்தை அசலா என்று பார்த்துக் கிரேடு (தர மதிப்பு) போடும் கம்பெனிகள் மூடித் தரும் கெட்டியான பிளாஸ்டிக் கூடுகளில், ஒரு பெட்டிக்குள் கிடக்கின்றன. ஆல்பத்தைத் திறந்தால் ஓட்டை ஓட்டையாகத் தெரிவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஸ்லாபுகளை உடைத்து எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துவிடலாமா? காசு கொடுத்துக் கிரேடு வாங்கியதை யாராவது உடைப்பார்களா என்று தெரிந்தவர்கள் திட்டுகிறார்கள்.

பதில்: உடைக்கலாம். உங்கள் நாணயம், உங்கள் ஆசை. ஆனால் எல்லாவற்றையும் உடைக்காதீர்கள், எதை உடைப்பது எதை விடுவது என்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

முதலில் விடவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 1916ஆம் வருஷம் டென்வர் நாணயச்சாலையில் அடித்த, 'டி' (D) எழுத்து போட்ட நாணயம் உங்களிடம் ஸ்லாபில் இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். அடித்ததே 2,64,000தான். அதே வருஷம் பிலடெல்பியாவில் 2 கோடிக்கும் மேல் அடித்தார்கள், அந்த நாணயத்தில் ஒரு சின்ன 'டி' எழுத்தை ஒட்டி டென்வர் நாணயமாக விற்கும் வேலை ரொம்ப காலமாக நடக்கிறது. அதனால் அந்த ஸ்லாப் சொல்வது கிரேடு மட்டும் இல்லை, 'இது அசல்' என்பதைத்தான் முதலில் சொல்கிறது. வெளியே எடுத்த நிமிஷமே கம்பெனியின் உத்தரவாதம் முடிந்துவிடும், நாளைக்கு அதை விற்கப்போனால் வாங்குகிறவருக்கு முதலில் வருவது சந்தேகம்தான். 1941 என்ற தேதியின் மேல் 1942 விழுந்த இரட்டைத் தேதி நாணயங்களுக்கும் இதே கதை, அவற்றிலும் போலி உண்டு.

உடைக்காமல் விடவேண்டியதில் அடுத்தது 'ஃபுல் பேண்ட்ஸ்' (முழுப் பட்டைகள்) என்று லேபிளில் போட்டிருக்கும் நாணயங்கள். பின்பக்கத்தில் ஒரு கழிக்கட்டு இருக்கிறதே, அதன் நடுவில் கட்டியிருக்கும் பட்டைகள் இரண்டும் தனித்தனியாக, நடுக்கோடு எங்கும் அறாமல் தெரிந்தால்தான் அந்தப் பட்டம் கிடைக்கும். சில வருஷங்களில் அச்சு சரியாக விழாததால் அப்படிக் கிடைப்பது அபூர்வம், விலையும் பல மடங்கு ஏறும். இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், அந்தப் பட்டைகள்தான் பின்பக்கத்திலேயே மேடான இடம். ஆல்பத்தில் நாணயங்களை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தகடான சிலைடை இழுக்கும்போது அது முதலில் உரசுவது அங்கேதான்.

உடைப்பதைப் பற்றித்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். கவனமாகச் செய்தால் அது ஐந்து நிமிஷ வேலை. நாணயத்துக்கு உண்மையான கெடுதல் அதற்கப்புறம் ஆல்பத்தில்தான் நடக்கிறது. நாணயத்தின் மேல் சிலைடு உரசி உரசி மெல்லிய இணைகோடுகள் விழும், முன்பக்கத்தில் இருக்கும் பெண் முகத்தின் கன்னத்திலும் தொப்பியின் இறக்கையிலும் அவை பளிச்சென்று தெரியும். ஒருமுறை விழுந்தால் விழுந்ததுதான். எனக்கே இது நடந்திருக்கிறது. முத்துப்போல இருந்த ஒரு டைம், இரண்டு மூன்று தடவை பக்கத்தை மாற்றி எடுத்து வைத்ததில் கன்னத்தில் கோடு வாங்கிவிட்டது. இன்றைக்கும் அதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும்.

இதைத் தவிர்க்க முதலில் ஆல்பப் பக்கத்தின் பின்சிலைடைப் போட்டுவிடுங்கள். மெல்லிய துணியை வைத்து, நாணயத்தின் நடுவில் அல்ல, விளிம்பு ஓரமாகவே மெதுவாக அழுத்தி முழுசாக உள்ளே இறங்க விடுங்கள். பக்கவாட்டில் கண் மட்டத்தில் வைத்துப் பார்த்து, நாணயம் துளைக்குள் நன்றாகப் படிந்து சிலைடு போகும் வழிக்குக் கீழே இருப்பது உறுதியானால் மட்டும் முன்சிலைடை இழுங்கள். துளைக்குள் லூசாக ஆடுகிற நாணயத்தை அங்கே வைக்கவே வேண்டாம். அப்புறம் அடிக்கடி எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள்.

இனி உடைக்கும் முறை. முதலில் ஸ்லாபை இரண்டு பக்கமும் படம் எடுங்கள், எண் தெளிவாகத் தெரியவேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் சில்லு எங்கே தெறிக்கும் என்று சொல்லமுடியாது. ஸ்லாபைத் துண்டில் சுற்றி, கட்டிங் பிளேயரால் ஒரு மூலையைக் கவ்வி நெருக்குங்கள், லேபிள் இருக்கும் பக்கமாக இருந்தால் நல்லது, நாணயத்திலிருந்து அது தூரம். விரிசல் விழுந்ததும் அடுத்த மூலை. இரண்டு பாதியும் பிரிந்துவரும்போது துண்டை விரித்து வைத்து அதன்மேலேயே பிரியுங்கள், உடைந்த கூரான சில்லு நாணயத்தின்மேல் ஊர்ந்தால் அது ஒரு கீறல். சுத்தியலால் ஓங்கி அடிப்பது, ஸ்க்ரூடிரைவரை நடுவில் நுழைத்து நெம்புவது இரண்டும் வேண்டாம். வெளியே வந்த லேபிளைத் தூக்கிப் போடாதீர்கள். அதைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பினால் அந்தக் கிரேடில் எத்தனை நாணயம் இருக்கிறது என்ற கணக்கிலிருந்து இதைக் கழித்துவிடுவார்கள். இல்லாத ஸ்லாப் கணக்கில் நின்றால், மற்ற சேகரிப்பாளர்கள் தப்பான எண்ணிக்கையை நம்பி விலை கொடுப்பார்கள்.

உடைக்காமல் விட்ட 1916 டென்வர் இடம் காலியாக இருக்குமே என்று கவலைப்படவேண்டாம். அந்த நாணயத்தை நல்ல படமாக எடுத்து, 17.9 மில்லிமீட்டர் விட்டத்தில் அச்சடித்து வெட்டித் துளையில் வையுங்கள். பார்க்க நன்றாகவே இருக்கும்.

கேள்வி: நாணயத்தைத் தொடும்போது பருத்திக் கையுறை போடுவது அவசியமா?

பதில்: எனக்கு அது பிடிக்காது. பிடி வழுக்கும், கீழே விழுந்த நாணயம் கைரேகை பட்டதைவிட மோசம். சோப்பு போட்டுக் கழுவி நன்றாக உலர்ந்த கை, விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்தல், கீழே மெத்தென்ற துணி, இது போதும். ரேகை பதியும் என்று பயமாக இருந்தால் பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை போடுங்கள். இன்னொன்று, நாணயத்தைப் பார்த்துக்கொண்டே அதன்மேல் குனிந்து பேசாதீர்கள், எச்சில் துளி பட்ட இடம் நாளடைவில் கறுப்புப் புள்ளியாகிவிடும். செம்பு நாணயம் என்றால் இன்னும் பயந்துகொள்ளுங்கள், சிவப்பு நிறம் போனால் திரும்பாது.

கேள்வி: பழைய பிளாஸ்டிக் உறையில் இருந்த என் வெள்ளி நாணயத்தில் பச்சையாகப் பிசுபிசுவென்று படிந்திருக்கிறது. இதைத் துடைத்துவிட்டு ஆல்பத்தில் வைக்கலாமா?

பதில்: துடைக்காதீர்கள், தேய்த்தால் கோடு விழும். உறையின் பிளாஸ்டிக் பிவிசியாக இருந்திருக்கும், அது சிதையும்போது வருவதுதான் இந்தப் பச்சை. கலப்பில்லாத அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி நாணயத்தை ஊறவிடுங்கள், நடுவில் ஒருமுறை அசிட்டோனை மாற்றுங்கள், எடுத்ததும் தானாகக் காயட்டும். நகப்பூச்சு நீக்கி இதற்கு ஆகாது, அதில் வேறு சேர்க்கைகள் இருக்கும். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள், அசிட்டோன் பக்கென்று பிடித்துக்கொள்ளும். வெள்ளியை அதற்குள் அரித்திருந்தால் அந்தத் தழும்பு போகாது. புது ஆல்பம் வாங்கும்போது அதில் பிவிசி இல்லை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஆல்பத்தில் வைத்தபின் மனசு மாறினால் அதே கிரேடு திரும்பக் கிடைக்குமா?

பதில்: அனுப்பலாம், கட்டணம் மறுபடி கட்டவேண்டும், கிடைப்பதற்கு உறுதி இல்லை. கிரேடு என்பது 1லிருந்து 70 வரை போகும் ஷெல்டன் அளவுகோலில் மனிதர்கள் கண்ணால் பார்த்துப் போடுவது, அதே நாணயம் ஒரு புள்ளி கூடவும் வரும், குறையவும் வரும். சிலைடுக் கோடு விழுந்திருந்தால் குறைவுதான். இடையில் யாராவது பளபளப்பாக்கித் தேய்த்திருந்தால் எண்ணே கொடுக்காமல் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.